தேங்கிய ஸ்வாப், ஓடும் ஸ்வாப்

லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் தரவுத்தளச் சேவையகம் ஒன்றின் நினைவகத்தை முதன்முறையாகச் சோதிப்பவர், ‘ஃப்ரீ’ என்னும் கட்டளை 64 ஜிபி நினைவகத்தில் சில நூறு எம்பி மட்டுமே காலியாக இருப்பதாகக் காட்டுவதைக் கண்டு, நினைவகம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புப் பக்கங்களை, வேறு தேவை எழும்வரை நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது கெர்னலின் இயல்பு. ‘பேஜ் கேஷ்’ எனப்படும் இச்சேமிப்பில் உள்ளவற்றைத் தேவைப்படும்போது உடனே விடுவிக்க முடியுமாதலால், காலி நினைவகம் குறைவாக இருப்பது நலிவின் அடையாளம் ஆகாது. ஸ்வாப்பின் உதவியின்றிப் புதிய நிரல்களுக்குத் தரக்கூடிய நினைவகம் எவ்வளவு என்பதைக் கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் ‘அவைலபிள்’ என்னும் எண், 2014இல் வெளிவந்த கெர்னலின் 3.14ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. நிர்வாகியின் கண் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே.

அந்த எண் வருவதற்கு முன், காலி நினைவகத்தோடு பேஜ் கேஷின் அளவைக் கூட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது; இன்றும் பலர் அப்படியே கணக்கிடுகின்றனர். பொதுவான சேவையகங்களில் இக்கணக்கு ஓரளவு பொருந்தினாலும், தரவுத்தளச் சேவையகத்தில் ஆபத்தானது. பல செயல்முறைகள் ஒரே நேரத்தில் அணுகும் பகிர்வு நினைவகத்தையும் லினக்ஸ் ‘கேஷ்ட்’ என்னும் தலைப்பின் கீழேயே எண்ணுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் ‘ஷேர்டு பஃபர்ஸ்’ என்னும் பொது இடையகத்தை அமைப்பது பகிர்வு நினைவகத்தில்தான். ஸ்வாப்புக்குத் தள்ளினாலொழிய அதை விடுவிக்க இயலாது. ஆகவே 16 ஜிபி பொது இடையகம் உள்ள சேவையகத்தில் பழைய கூட்டல் முறையைப் பின்பற்றுபவர், இல்லாத 16 ஜிபியை இருப்பதாக எழுதிக்கொள்கிறார். ‘அவைலபிள்’ எண்ணில் இப்பிழை நேர்வதில்லை.

அடுத்து வருவது ஸ்வாப். நினைவகத்தில் நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை வட்டில் ஒதுக்கப்பட்ட பகுதிக்கு நகர்த்தி வைக்கும் ஏற்பாடே ஸ்வாப் என்பதால், அதில் சில ஜிபி நிறைந்திருப்பது மட்டும் எதையும் நிறுவிவிடாது. சேவையகம் தொடங்கியபோது ஒருமுறை இயங்கி ஓய்ந்த நிரல்களின் பக்கங்கள் அங்கே மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கலாம். அவற்றை யாரும் திரும்பக் கேட்காதவரை தரவுத்தளத்தின் வேகம் சிறிதும் பாதிக்கப்படுவதில்லை. ஸ்வாப் பாதியளவு நிறைந்ததும் எச்சரிக்கை அனுப்புமாறு கண்காணிப்புக் கருவியை அமைப்பது, நள்ளிரவில் ஒருவரின் உறக்கத்தைக் கலைப்பதைத் தவிர வேறு பயனை அரிதாகவே தருகிறது. கவனிக்க வேண்டியது ஓட்டம்: ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையைச் சில விநாடி இடைவெளியில் தொடர்ந்து இயக்கி, ஸ்வாப்பிலிருந்து உள்ளே வரும் அளவைக் காட்டும் ‘எஸ்ஐ’, வெளியே செல்லும் அளவைக் காட்டும் ‘எஸ்ஓ’ ஆகிய இரு பத்திகளையும் பார்க்க வேண்டும். அக்கட்டளையின் முதல் வரி, கணினி தொடங்கிய நாள் முதலான சராசரியாதலால் அதைத் தள்ளிவிட்டு இரண்டாம் வரியிலிருந்தே படிப்பது முறை. ‘எஸ்ஓ’ எப்போதாவது உயர்ந்து அடங்கினால் கெர்னல் தன் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறது என்று விட்டுவிடலாம். இரு பத்திகளும் ஒருங்கே இடைவிடாமல் உயர்ந்திருந்தால், வெளியே தள்ளிய பக்கங்களே மீண்டும் கேட்கப்படுகின்றன என்று பொருள். வினவல்களுக்கு விடை தாமதமாவது அந்நிலையில்தான்.

நெருக்கடி உறுதியானபின், நினைவகத்தை உண்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இங்கே ‘டாப்’ கட்டளை காட்டும் ‘ரெஸ்’ பத்தியைக் கூட்டிப் பார்ப்பவர், கணினியில் உள்ளதைவிடப் பல மடங்கு நினைவகம் செலவாவதாகக் கண்டு குழம்புவார். பகிர்வு நினைவகத்தின் ஒரே பக்கம் அதைத் தொடும் ஒவ்வொரு செயல்முறையின் கணக்கிலும் முழுமையாகச் சேர்க்கப்படுவதே காரணம். பகிர்ந்த பக்கத்தைப் பகிர்பவர் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்கும் ‘பிஎஸ்எஸ்’ என்னும் அளவு, ‘ப்ராக்’ கோப்பகத்தில் ஒவ்வொரு செயல்முறைக்கும் உள்ள ‘ஸ்மாப்ஸ்’ கோப்பில் கிடைக்கிறது. கூட்டத்தக்க எண் அதுவே. அதே இடத்தில் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பிலுள்ள ‘விஎம்ஸ்வாப்’ வரி, அச்செயல்முறையின் எவ்வளவு பகுதி ஸ்வாப்பில் கிடக்கிறது என்பதைக் காட்டும்.

பலர் எண்ணிப் பாராத செலவு ஒன்று, பக்க அட்டவணைகள். ஒரு செயல்முறையின் முகவரி எந்த நினைவகப் பக்கத்தைக் குறிக்கிறது என்பதைப் பதிந்துவைக்கும் இவ்வட்டவணையில், இன்டெல் வகை 64 பிட் கணினிகளில் 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் செலவாகிறது. 8 ஜிபி பகிர்வு நினைவகத்தில் ஏறத்தாழ 21 இலட்சம் பக்கங்கள் உள்ளன; அவை அனைத்தையும் தொடும் ஒரு செயல்முறைக்கு 16 எம்பி அட்டவணை தேவை. ஆரக்கிளைப் போல ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை வைக்கும் தரவுத்தளத்தில் 500 இணைப்புகள் இருந்தால், இது ஏறத்தாழ 8 ஜிபி வரை வளரலாம். அதாவது பகிர்வு நினைவகத்துக்கு ஈடான இன்னொரு பங்கு, தரவு எதையும் தாங்காமல், வெறும் முகவரிப் பதிவுக்கே போய்விடுகிறது. ‘ப்ராக்’ கோப்பகத்திலுள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பின் ‘பேஜ்டேபிள்ஸ்’ வரி இதை வெளிப்படையாகக் காட்டியபோதும் அதைப் பார்ப்பவர் குறைவு. ‘ஹியூஜ்பேஜஸ்’ எனப்படும் 2 எம்பி பக்கங்களைப் பயன்படுத்தினால் அதே அட்டவணை செயல்முறை ஒன்றுக்கு 32 கேபியாகச் சுருங்குவதோடு, அப்பக்கங்கள் ஸ்வாப்புக்குத் தள்ளப்படுவதுமில்லை. ஆனால் ஒதுக்கிய கணத்திலேயே அவை செலவானதாக எண்ணப்படும். தரவுத்தளம் அவற்றை எடுத்துக்கொள்ளத் தவறினால், ஒதுக்கிய பகுதி வீணாவதோடு அதே அளவு நினைவகம் சாதாரணப் பக்கங்களிலிருந்தும் பறிபோகும். ஆரக்கிளின் 11ஜி பதிப்பில் அறிமுகமான தானியங்கி நினைவக மேலாண்மை லினக்ஸில் ஹியூஜ்பேஜஸுடன் சேர்ந்து இயங்காததால், இவ்விரண்டையும் ஒருங்கே அமைத்த சேவையகம் சரியாக இந்தப் பள்ளத்தில்தான் விழும்.

பகிர்வு நினைவகம் தொடக்கத்திலேயே வரையறுக்கப்படுவது. வரம்பின்றி வளர்வது இணைப்புகளின் தனி நினைவகமே. போஸ்ட்கிரெஸின் ‘வொர்க் மெம்’ இணைப்பு ஒன்றுக்கான வரம்பு என்று கருதுவது பரவலான பிழை. வினவல் ஒன்றிலுள்ள ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் ஒவ்வொரு ஹாஷ் செயலும் தனித்தனியே அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். ஆரக்கிளின் ‘பிஜிஏ அக்ரிகேட் டார்கெட்’ என்பதும் ஓர் இலக்கேயன்றி வரம்பன்று. உறுதியான வரம்பு 12சி பதிப்பில்தான் வந்தது. நினைவகமும் ஸ்வாப்பும் தீர்ந்தால் கெர்னலின் ‘ஊம் கில்லர்’ ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொன்று இடம் தேடும். போஸ்ட்கிரெஸின் இணைப்புச் செயல்முறை ஒன்று அவ்வாறு கொல்லப்பட்டால், பகிர்வு நினைவகம் சிதைந்திருக்கலாம் என்ற ஐயத்தில் ஏனைய இணைப்புகள் அனைத்தும் துண்டிக்கப்பட்டுத் தரவுத்தளம் மீட்புப் பணியில் இறங்கும்.

ஸ்வாப்பை ஒழித்துவிட்டால் தொல்லை தீரும் என்ற எண்ணம் இந்நிலையில் தோன்றுவது இயல்பு. ‘ஸ்வாப்பினஸ்’ என்பது, பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளுவதா பேஜ் கேஷைச் சுருக்குவதா என்ற தேர்வில் கெர்னலின் சாய்வைக் குறிக்கும் எண். இயல்பான மதிப்பு 60. தரவுத்தளத்துக்கு இது அதிகம் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஆயினும் கெர்னலின் 3.5ஆம் பதிப்பிலிருந்து 0 என்பது, நினைவகம் மிக அருகும்வரை ஸ்வாப்பைத் தொடவே கூடாது என்ற பொருளைப் பெற்றுவிட்டதால், அம்மதிப்பை இடுபவர் மந்தத்தைத் தவிர்க்கப்போய் ஊம் கில்லரை அழைத்துவிடக்கூடும். 1 முதல் 10 வரையான மதிப்பே நிதானமானது.

அவைலபிள் நிறைய இருந்தும் ஸ்வாப் ஓடும் நிலையும் உண்டு. தரவுத்தளப் பொறியாளர் ஜெரமி கோல் 2010இல் மைஎஸ்கியூஎல் சேவையகங்களை ஆராய்ந்து விளக்கிய இந்நிலைக்குக் காரணம் ‘நூமா’ அமைப்பு, அதாவது ஒவ்வொரு செயலிக்கும் அருகே தனித்தனி நினைவகம் அமைந்திருப்பது. பெரிய இடையகம் ஒரு செயலியின் அருகிலுள்ள நினைவகத்தை நிரப்பிவிட, மற்றதன் நினைவகம் காலியாக இருக்கும்போதே நிரம்பியதிலிருந்து கெர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளுகிறது. ‘நூமாசிடிஎல்’ கட்டளையால் செயலிவாரியான இருப்பைப் பார்த்து, ஒதுக்கீட்டை எல்லாச் செயலிகளின் நினைவகத்திலும் மாறி மாறிப் பரப்புவதே அவர் காட்டிய வழி.

பிற யூனிக்ஸ்களில் பெயர்கள் மாறினாலும் தேடும் பொருள் மாறுவதில்லை. சோலாரிஸில் ‘விஎம்ஸ்டாட்’ காட்டும் ‘எஸ்ஆர்’, அதாவது விடுவிக்கத்தக்க பக்கங்களைக் கெர்னல் தேடி அலையும் வேகம், நெருக்கடியின் தெளிந்த அடையாளம். ஏஐஎக்ஸில் ‘பிஐ’, ‘பிஓ’ பத்திகள் அதே செய்தியைத் தருகின்றன.

தேங்கிய ஸ்வாப்பைக் காலி செய்ய விரும்புபவர் ‘ஸ்வாப்ஆஃப்’ கட்டளையை இடுவதுண்டு. அது அங்குள்ள பக்கங்கள் அனைத்தையும் நினைவகத்துக்குத் திருப்பிக் கொணர்வதால், அவைலபிள் எண் ஸ்வாப்பின் இருப்பைவிடத் தாராளமாக மிகுந்திருக்கும் வேளையில், பணிச்சுமை குறைந்த நேரத்தில் மட்டுமே அதை இடலாம்.