பிலிப்பைன் தீவுகளிற் சீட்டும் சூதும்

பிலிப்பைன் தீவுகளில் ஒருவர் இறந்துபட்டால் அவருடலை உடனே அடக்கஞ் செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மூன்று நாள் முதல் ஏழு நாள்வரையும், அயல்நாடுகளிற் பணிபுரியும் மக்கள் வந்துசேர வேண்டுமாயின் அதனினும் மிகுதியாகவும், உடலை வீட்டிலேனும் அதற்கென அமைந்த மண்டபத்திலேனும் வைத்து, உற்றாரும் அயலாரும் இரவெல்லாம் விழித்திருப்பர். இதனை அந்நாட்டார் 'லாமாய்' என்பர். இறந்தோரைத் தனியே விட்டு உறங்கலாகாது என்பது அவர்தம் கொள்கை. செபம் முடிந்து, காப்பியும் பிஸ்கோத்தும் வழங்கியபின், முற்றத்தில் மேசையிடுவர். மேசைமேற் சீட்டுக்கட்டு வரும். விடியுமளவும் உறக்கத்தை விலக்குவதற்கு அதனினும் எளிய வழி அவர்கள் கண்டிலர். ஆட்டந்தோறும் கெலித்தவர் தாம் பெற்றதில் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைப்பர். அப்பங்கிற்குத் 'தோங்' என்பது பெயர். விடிந்ததும் அது இழவு வீட்டாரைச் சேரும்; சவப்பெட்டிக்கும் கல்லறைக்கும் ஆகுஞ் செலவிற்குக் கைகொடுக்கும்.

யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இச்சிறு பங்கினைப் பற்றியே. சீட்டாடுதல் நன்றா தீதா என்னும் பழைய வினாவைவிட, ஆட்டத்தினின்று எடுக்கப்படும் பங்கு யார் கைக்குச் செல்கின்றது என்னும் வினா அந்நாட்டின் இற்றை நிலையை நன்கு விளக்கும் என்பது எம் துணிபு.

கிறிஸ்தவராகிய எமக்கு லாமாய் வழக்கத்தைப் படித்தபொழுது சிலுவையடியில் நின்ற சேவகர் நினைவிற்கு வந்தனர். தமிழ் வேதாகமத்தில் அவர்கள் செய்த செயலும் 'சீட்டு' என்னும் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றது. அவர்கள் சாகின்றவரின் அங்கியைத் தமக்கென எடுத்துச் செல்லச் சீட்டுப் போட்டார்கள். மணிலா நகரத்துச் சந்தில் ஆடுவோரோ இறந்தவர் வீட்டில் காசை வைத்துவிட்டுச் செல்கின்றார்கள். இவ்வேற்றுமை சிறிதன்று. ஆயினும் லாமாயை அளவிறந்து புகழ்தலும் ஆகாது. உரிமை கோருவாரற்ற பிணத்தை வாடகைக்குப் பெற்று, பொய்யான இழவு வீடொன்றை அமைத்து, அதன் மறைவிற் சூது நடத்தினாரும் அந்நாட்டில் உளர்.

இனி, ஆங்கு மிகுதியும் ஆடப்பெறும் ஆட்டத்தின் இயல்பைக் கூறுவாம். அதன் பெயர் தோங்கிட்ஸ். (மேற்கூறிய தோங் வேறு, இது வேறு, ஒலியொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.) இது ரம்மி வகையைச் சார்ந்தது, அமெரிக்கர் ஆடும் 'டோங்க்' என்னும் ஆட்டத்தைப் பெரிதும் ஒத்தது. ஆடுவோர் மூவர். ஜோக்கர் நீங்கிய 52 சீட்டுக்களில், பங்கிடுபவர் 13-உம், ஏனை இருவர் பன்னிரண்டு பன்னிரண்டும் பெறுவர். எஞ்சியவை நடுவிற் கவிழ்த்து வைக்கப்படும். ஒரே எண்ணுடைய மூன்று அல்லது நான்கு சீட்டுக்களையோ, ஓரினத்தில் தொடர்ந்து வரும் மூன்று முதலிய சீட்டுக்களையோ சேர்த்து மேசைமேற் பரப்புதல் வேண்டும். பிறர் பரப்பியவற்றோடு தம் சீட்டை ஒட்டவைத்தலும் உண்டு. அதனைச் 'சபாவ்' என்பர். கைச்சீட்டு முழுவதையும் முதலில் தீர்த்தவர் 'தோங்கிட்ஸ்' என்று கூவி வெற்றி கொள்வார். நடுக்கட்டு முன்னரே தீர்ந்துவிடின், கையில் எண்ணிக்கை குறைந்தவர்க்கே வெற்றி. ஒரு தொகுதியும் பரப்பாது கையிலேயே வைத்திருந்தவன் 'சுனோக்', அஃதாவது எரிந்தவன், எனப்படுவான். 'நும் எண்ணிக்கை குறைவோ என் எண்ணிக்கை குறைவோ, பார்ப்போம்' என்று இடையிலே அறைகூவுதலும், அதனை ஏற்றலும், அஞ்சி ஒதுங்குதலும் இவ்வாட்டத்திற்குச் சுவையூட்டுவன. இதில் அறிவுக்கு இடமில்லை என்று சொல்வார் ஒருமுறையேனும் ஆடிப் பார்த்தவரல்லர்.

ரம்மி வகை அத்தீவுகட்குப் புதிதன்று. பாங்கிங்கி என்னும் ஆட்டம், ஸ்பானியர் ஆட்சிக் காலத்திலேயே ஆங்கு வழங்கியது. பல கட்டுச் சீட்டுக்களைக் கலந்து ஆடுவது. மெக்சிக்கோ நாட்டுக் கொங்கியான் ஆட்டத்தின் உறவினது. அந்நாட்டு வீரராகிய ஹொசே ரிசால் 1887-இல் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' என்னும் நவீனத்தில் சேவற்போர்க் களத்தின் கேட்டினைத் தனியோர் அதிகாரத்திற் காட்டினார். அங்ஙனங் காட்டிய அவரே, தாப்பித்தானில் நாடுகடத்தப்பட்டிருந்த 1892-ஆம் ஆண்டில், வேறிருவருடன் கூட்டாக வாங்கிய அரசாங்க லாட்டரிச் சீட்டுக்கு 20,000 பெசோ பரிசு விழ, தம் பங்காக 6,200 பெசோ பெற்றார். அதில் 2,000 பெசோவைத் தந்தையார்க்கு அனுப்பி, தாலிசாய் என்னுமிடத்தில் நிலமும் வாங்கினார். சூதின் கேட்டை அறிந்தாரும் அதன்வழி வந்த பொருளை ஒதுக்கிலர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

இனிச் சட்டநிலை. 1977-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில், பெர்டினாண்டு மார்க்கோஸ் ஆட்சியில், அரசினர் சூதுக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தனர். சுருக்கமாகப் 'பாக்கோர்' என்பர். அதன் முழுப்பெயரைப் பெயர்த்தால் 'பிலிப்பைன் கேளிக்கை சூதாட்டக் கழகம்' என்றாகும். தமிழ் பயில்வோர்க்கு இம்மொழிபெயர்ப்பில் ஒரு விந்தை தோன்றும். திருக்குறளிற் 'சூது' என்னும் 94-ஆம் அதிகாரத்தில் 'கழகம்' என்னுஞ் சொல் சூதாடுமிடத்தையே குறிக்கின்றது. அச்சொல் பின்னர்ப் பொருள் மாறி, கற்றோர் கூட்டத்துக்கும், இந்நாளில் பஸ் ஓட்டும் அரசாங்க நிறுவனத்துக்கும் பெயராயிற்று. பாக்கோரிலோ பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன! அக்கழகம் பிறர்க்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்வதோடு, தானே ஆட்டமனைகளையும் நடத்துகின்றது. நடுவனே பந்தில் ஒரு கைபோட்டுக்கொள்வது போன்றதே இது.

1978-இல் எழுந்த 1602-ஆம் எண் ஆணை, உரிமமின்றி ஆடும் சூதுகளைத் தண்டிப்பது. அதன் பட்டியலில் போக்கர், மொந்தே, பாங்கிங்கி இவற்றோடு 'ஏனைச் சீட்டாட்டங்களும்' இடம்பெற்றன. ஆதலின் தெருமுனையில் மூவர் காசு வைத்து ஆடின் குற்றம். அம்மூவரே உரிமம் பெற்ற ஒருவரிடம் பங்கு கொடுத்து ஆடின் குற்றமன்று. ஆட்டம் ஒன்றே, வேறுபாடு தோங் செல்லும் வழியில் உளது. 1983-ஆம் ஆண்டின் 1869-ஆம் எண் ஆணைப்படி கழகம் தன் வருவாயில் நூற்றுக்கு 5 வரியாகவும், எஞ்சியதிற் பாதி அரசாங்கக் கருவூலத்துக்கும் செலுத்துதல் வேண்டும். அவ்வாணையிலே, 21 வயது நிரம்பாதாரும், பள்ளி கல்லூரி மாணவர் எவரும் அதன் ஆட்டமனைகளில் ஆடலாகாது என்ற விதியும் உண்டு. ஆட்டமனைக்கு வாயில் ஒன்றும் வாயில்காப்போன் ஒருவனும் இருந்த காலத்தில் எழுந்த விதி அது.

கைப்பேசிக்கு அவ்விரண்டும் இல்லை. தோங்கிட்ஸ், பூசோய் முதலிய ஆட்டங்கள் கைப்பேசிக்குள் வந்தபின், ஆடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணார். சீட்டைக் கலைத்துப் பங்கிடும் நேரமும் மிச்சமாயிற்று. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் நலம். திறமையில் முற்றும் ஒத்த மூவர் ஆளுக்கு 500 பெசோ வைத்துக்கொண்டு அமர்கின்றனர் என்க. ஆட்டத்திற்கு ஆளுக்கு 20 பெசோ பந்தயம். சேர்ந்த 60 பெசோவில் நூற்றுக்கு 5 வீதம், அஃதாவது 3 பெசோ, நடத்துவோருக்கு. ஒருமுறை இவர் கெலிப்பார், மறுமுறை அவர் கெலிப்பார். அவ்வாறே மாறிமாறி 500 ஆட்டம் நிகழின் மூவரிடமும் இருந்த 1,500 பெசோவும் எவரும் கெலியாமலே தீர்ந்துபோம். ஆட்டத்திற்கு மூன்று நிமிடம் எனக் கொள்ளின் இருபத்தைந்து மணி நேரம். ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளே அதற்குப் போதும். 2025 ஜூலை மாதத்தில் மணிலா பெருநகரத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கூலியாக விதிக்கப்பட்டது 695 பெசோ என்பதையும் உடன் வைத்து எண்ணுக.

'ரம்மி திறமையின் பாற்பட்டது. திறமையுடையான் இழவான்' என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் திறமை, மூவருள் எவன் இழப்பான் என்பதைத்தான் முடிவு செய்யும். மூவரும் சேர்ந்து இழக்குந் தொகையை அஃது ஓரணாவும் குறைக்காது. வல்லவன் ஒருவன் எழுந்து செல்லும்போது அவன் மடியில் இருப்பதும், நடத்துவோர் பெட்டியில் இருப்பதும் ஆகிய இரண்டும் மற்ற இருவருடையன. நம் நாட்டு உச்சநீதிமன்றம் 1968-இல், செக்கந்திராபாத்துக் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று தீர்ப்பளித்ததை யாவரும் எடுத்தோதுவர். நடத்துவோர் பந்தய ஆட்டத்தினின்று இலாபம் அடைவரேல் அது குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பிற் கூறப்பட்டதை எடுத்தோதுவார் அரியர். தோங்கின்மேல் அந்நீதிபதிகள் வைத்த கண், எம் கருத்தில், திறமையைப் பற்றிய அவர்தம் ஆராய்ச்சியினும் கூரியது. இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்ற வழக்கையே தள்ளிவிட்டு, இணையவழிப் பணவாட்டம் அனைத்தையும் விலக்கியது.

பிலிப்பைன் அரசினர் அவ்வழியிற் செல்லவில்லை. அந்நாட்டுச் செய்திகளைப் படிப்போர் இருவேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. வெளிநாட்டாரை ஆடச்செய்து பொருளீட்டிய நிலையங்கள் 2016 முதல் உரிமம் பெற்றுப் பெருகின. அவற்றின் மதிலுக்குள் ஆட்கடத்தலும் மோசடியும் கண்டுபிடிக்கப்பட்டமையால், இளைய மார்க்கோஸ் 2024 ஜூலை 22-இல் அவற்றை ஒழிப்பதாக அறிவித்தார். அவ்வாண்டு இறுதிக்குள் அவை மூடப்பட்டன. உள்நாட்டார் கைப்பேசியில் ஆடும் சூதோ வேறு, அது நிலைத்தது. 2024-இல் அந்நாட்டுச் சூதின் மொத்த வருவாய் 40,000 கோடிப் பெசோவைக் கடந்தது. அதில் 15,000 கோடிக்கு மேற்பட்டது மின்னாட்டங்களினின்று வந்ததே.

இத்துணை விரைவில் இது பரவியதற்குக் காரணம் பணப்பையே என்பது எம் கருத்து. அந்நாட்டில் ஏழையர் பலர்க்கும் வங்கிக் கணக்கினும் கைப்பேசிப் பணப்பையே அணுக்கமானது. வளைகுடா நாட்டிலோ ஹாங்காங்கிலோ வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் பணமும் அதில் வந்து விழக்கூடும். (2024-இல் அயல்நாட்டிலுள்ளார் அனுப்பிய தொகை 3,400 கோடி டாலருக்கு மேல்.) அப்பையைத் திறந்தால், மின்கட்டணம் செலுத்தும் படத்திற்கு அருகிலேயே சூதுக்குச் செல்லும் படமும் 2025 ஆகஸ்டுவரை நின்றது. அவ்வாண்டு ஜூலையில் கத்தோலிக்க ஆயர் பேரவையார் இணையச் சூதைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தனர். ஆகஸ்டு நடுவில் நாட்டின் மைய வங்கி, பணப்பைகளிலுள்ள அவ்விணைப்புக்களை 48 மணி நேரத்துள் நீக்குமாறு பணித்தது. சாலையோர விளம்பரப் பலகைகளை அகற்றக் கழகமும் ஆணையிட்டது.

முழுவதும் விலக்கவேண்டும் என்று செனட் சபையில் மசோதா கொணர்ந்தாரும் உளர். கழகத்தின் தலைவர் விடையிறுத்தது, விலக்கினால் ஆடுவோர் உரிமமற்ற தளங்கட்கு ஓடுவர் என்பது. இதனை வெறுஞ் சாக்கென்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. 2022 மே மாதத்தில், சேவற்போர்க்காரர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் காணாமற்போன செய்தி நாட்டை உலுக்கிய பின், இணையவழிச் சேவற்போர் நிறுத்தப்பட்டது; எனினும் அது மறைவில் நடந்துகொண்டேயிருந்தது. ஆயினும் இவ்விடையைக் கூறுபவர் தோங் பெறுபவர் என்பதையும் யாம் மறக்கவியலாது. 2007-இற் புதுப்பிக்கப்பட்ட சட்டப்படி, 2008 ஜூலை முதல் மேலும் இருபத்தைந்தாண்டுகட்கு அக்கழகத்திற்கு அவ்வுரிமை உண்டு. லாமாய் மேசைக்கோ விடியற்காலை ஆறு மணிவரைதான்; அதற்குள் சீட்டுக்கட்டை நூலாற் கட்டிவைத்துவிட்டு, அடக்கத்திற்குப் போக வேண்டியவர்கள் முகங்கழுவச் செல்வார்கள்.