லாடாங் பிள்ளைக்குப் படிப்பு வராதா?

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் சுங்கை பாலாஸில் தேநீர் குடித்து, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தச் சரிவுகளுக்கு நடுவே தமிழ்ப்பள்ளிகள் இருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இங்கே கொழுந்து பறித்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஆறாண்டு படித்துவிட்டு, ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் போய்ச் சேருமுன்பே அவர்களைப் பற்றிய பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் அடிபடும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: புகுமுக வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்றால் பிள்ளை மந்தம்.

உண்மை: அது மொழிக்கான வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளியிலிருந்து வந்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன்பு ஓராண்டு படிக்கும் ஏற்பாடு. கணிதத்தில் புலியாக இருக்கும் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கலாம். வீட்டிலும் லயத்திலும் கோயிலிலும் தமிழே பேசி வளர்ந்த பிள்ளைக்கு மலாய் சரளமாக வரக் கொஞ்ச காலம் பிடிக்கும், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், அந்த ஓராண்டைப் பெரிய அவமானமாக்குவது பள்ளியைவிட நம் சொந்தபந்தங்கள்தாம். “ஒரு வருஷம் பின்னாடி போயிட்டானாமே?” என்று கல்யாண வீட்டில் விசாரிக்காதவர் உண்டா?

நம்பிக்கை: அனுபவமுள்ள ஆசிரியருக்குப் பிள்ளையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மை: பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். 1983-இல் ஜான் டார்லியும் பேஜட் கிராஸும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பிட்டுப்பிட்டு வைத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஹன்னா என்ற சிறுமியின் காணொளியைக் காட்டினார்கள். சிலருக்கு அவள் வசதியான வட்டாரத்தில் வாழ்பவள். சிலருக்கு ஏழை வட்டாரத்துப் பிள்ளை. பின்னணியை மட்டும் பார்த்தவர்கள் அவள் திறமையை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மதிப்பிட்டார்கள். ஆனால் அவள் தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காட்சியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வசதிக்கார ஹன்னா வகுப்பு நிலைக்கு மேலே, ஏழை ஹன்னா கீழே. இத்தனைக்கும் இரு தரப்பும் பார்த்தது அதே பிள்ளையை, அதே பதில்களை! அதையே தத்தம் தீர்ப்புக்குச் சாட்சியாகவும் காட்டினார்கள்.

இதை நம் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்டதும் ஒரு பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறான். அவன் டாக்டர் மகன் என்றால் “யோசிக்கிறான்”. காலணியில் தோட்டத்துச் சேறு ஒட்டியிருந்தால் “தெரியவில்லை, உட்கார்”. மலாயில் கேட்டதைத் தமிழில் புரிந்துகொண்டு, விடையைத் தமிழில் கண்டுபிடித்து, மறுபடி மலாய்க்குக் கொண்டுவர அவனுக்கு இன்னும் சில விநாடிதான் வேண்டியிருந்தது. அடுத்த முறை அவன் கை தூக்கமாட்டான். “நான் அப்பவே சொன்னேனே” என்பார் ஆசிரியர்.

நம்பிக்கை: சுருக்கென்று நாலு வார்த்தை சொன்னால்தான் ரோஷம் வந்து படிப்பான்.

உண்மை: சிலருக்கு வரலாம், பலருக்குக் கை ஓடாது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு தந்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதி, கீழ்சாதிப் பிள்ளைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லார் முன்னிலையிலும் பெயர், ஊரோடு சாதியையும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. முடிவுகள் 2006-இல் அச்சேறின. அங்கே யாரும் திட்டவில்லை. அடையாளத்தை உரக்கச் சொன்னதே போதுமாக இருந்தது. அப்படியிருக்க, “நீ எங்க சுத்தினாலும் கடைசியில தோட்டத்துக்குத்தான் வரணும்” என்று சொல்வது யாருக்கு உரமாகும்?

நம்பிக்கை: ஆசிரியர் மனது வைத்தால் போதும், எல்லாம் நடக்கும்.

இதுவும் மிகைதான். ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் எழுதிய புத்தகத்தை மேடைதோறும் சொல்வார்கள்: ‘இந்தப் பிள்ளைகள் மலர்வார்கள்’ என்று ஆசிரியரிடம் சொன்னதும் அவர்கள் மலர்ந்தார்களாம். பலன் தெளிவாகத் தெரிந்தது முதலிரு வகுப்புகளில்தான். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது இன்னும் சிறிதாகவே இருந்தது. எதிர்பார்ப்பு முக்கியம்; அது புத்தகத்துக்கும் பேருந்துக்கும் பாடம் நடத்துவதற்கும் ஈடாகாது.

நம்பிக்கை: தோட்டத்திலிருந்து சாமிவேலு முன்னேறி வரவில்லையா?

வந்தார். குளுவாங்கில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் 1936-இல் பிறந்து, பேருந்து நடத்துநராக வேலை பார்த்து, கட்டடக் கலைஞராகி, அமைச்சராகவும் ஆனவர். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லி அடுத்த பிள்ளையின் வாயை அடைப்பதில் நியாயமில்லை. ஒருவர் தாண்டிவிட்டதால் வேலி இல்லை என்று ஆகாது.

இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் ஒன்றின் முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, வீடு எங்கே, அப்பா என்ன வேலை என்று வகுப்பு நடுவே கேட்காதீர்கள். அந்த விவரம் பதிவுப் பாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டுமானால் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.