துறைமுகத்தின் அடிச்சேறு



2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலிருந்து ஒரு கப்பலைத் தூக்கி எடுத்தார்கள். பெயர் சகாயிங். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுபட்டு எரிந்தது. மறுவருடம் பிரித்தானியர் அதை இறங்குதுறையாகப் பாவிக்கவென்று அங்கேயே தாழ்த்திவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. அது எழுபத்தைந்து வருடம் கிடந்த சேறு அங்கேதான் இருக்கிறது. திருகோணமலை லிங்கநகர்த் தம்பியே, அந்தச் சேற்றைப் பற்றித்தான் உனக்கு இந்தக் கடிதம்.

துறைமுகத் தண்ணீரை ஒரு போத்தலில் அள்ளிச் சோதித்தால் அன்றைய நிலை மட்டும் தெரியும். ஈயம், செப்பு, நாகம், கட்மியம், பாதரசம் ஆகிய பாரவுலோகங்கள் களித்துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். குப்பைபோல் உக்கிப் போகவும் மாட்டா. நகர வாய்க்காலும் பட்டறையும் அவற்றைக் கொண்டுவரும். சிப்பி ஒட்டாமல் கப்பலடியில் பூசும் பெயின்டிலும் செப்பு உண்டு. புயலில் கப்பலைக் காக்கும் துறைமுகத்தின் அதே அமைதிதான் இங்கே நஞ்சையும் படியவைக்கிறது.

ஆனால் உலோகம் என்றதும் குற்றவாளியைத் தேட ஓடக்கூடாது. வடக்கே புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைட் இயற்கையாகவே கிடக்கிறது. இரும்பும் தைத்தானியமும் அதில் ஏராளம். மகாவலி கங்கையும் மலைநாட்டுப் பாறைத்துகளைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக்குடாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றை எடுப்பார்கள். அடியிலுள்ள பழைய படைதான் ஒப்பிடுவதற்கான அளவுகோல்.

1980இல் சுவீடன் அறிஞர் லார்ஸ் ஹாக்கன்சன் சேற்றிலுள்ள உலோகம் எவ்வளவு ஆபத்து என்று அளக்க ஒரு கணக்குச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அதன் நச்சுத்தன்மைக்கேற்ப ஓர் எடை உண்டு. நாகத்துக்கு நச்சு எடை 1, செப்புக்கும் ஈயத்துக்கும் 5, கட்மியத்துக்கு 30, பாதரசத்துக்கு 40. பழைய அளவைவிட எத்தனை மடங்கு கூடியதோ, அதை இந்த எடையால் பெருக்க வேண்டும். மூன்று மடங்கு கூடிய நாகத்துக்கு 3, பாதரசத்துக்கோ 120. விடை 40க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 80ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

நல்ல கணக்கு, கொஞ்சம் அளவுக்கு மீறி எளிய கணக்கு. சேற்றிலுள்ள உலோகம் முழுதும் உயிர்களுக்குள் போய்விடாது. ஒட்சிசன் இல்லாத கருஞ்சேற்றில் அது கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும். நங்கூரமோ அகழும் இயந்திரமோ கிளறினால் ஒரு பங்கு தண்ணீருக்குத் திரும்பும்.

நஞ்சு மீனுக்குள் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மட்டியும் மீனும் உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்புகள் சிதைந்தன. பூனைகள்கூட வலிப்பு வந்து செத்தன. நோய் வெளியே தெரிந்தது 1956இல். நஞ்சேறிய சேற்றை அள்ளிக் குடாவின் ஒரு பகுதியை நிரப்பி முடிக்க 1990 ஆகிவிட்டது.

திருகோணமலை மினமாட்டா அல்ல. அப்படிக் கதை கட்டினால் மீன் விற்கிறவர்களின் பிழைப்புத்தான் போகும். நீ செய்யக்கூடியது வேறு. கரையில் வள்ளங்களுக்குப் பழைய பெயின்ட் சுரண்டும் நாளில் போய்ப் பார். தூள் மணலில் விழுந்தால், சுரண்டுகிற அண்ணனிடம் அடியில் ஒரு சாக்கை விரிக்கச் சொல்.