மாருதி வேனின் முன்பக்கத்தை இறக்கும் முன்...

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பழைய மாருதி வேனை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 1984-ல் வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி. பின்னால் பலகை, மெத்தை, சின்ன அடுப்பு, தண்ணீர் கேன் ஏற்றினால் கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ போய் இரவு தங்கிவிட்டு வரலாம். அப்படி வேனைத் தயார் செய்ததும் அடுத்த ஆசை வரும்: மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறதே, முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினால் லட்சணமாக இருக்குமே! பட்டறைக்குப் போவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த வேனில் முன்னால் இருப்பது காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). வருஷக்கணக்கில் அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், கல்யாணச் சாமான் என்று சுமந்த பட்டை தொய்ந்து போயிருக்கும். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கியதுபோல்தான் தெரியும். மெத்தையும் அடுப்பும் தண்ணீரும் பின்னால் ஏறியதும் இன்னும் கொஞ்சம் தூக்கும். முன்பக்கத்தை இறக்கக் கேட்டு வரும் வேன்களில் பலவற்றுக்கு உண்மையான வைத்தியம் பின்பக்கத்தை அதன் பழைய உயரத்துக்கு ஏற்றுவதுதான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

2. கண்ணளவை நம்ப வேண்டாம், டேப் பிடியுங்கள். வாசல் சரிவில் நிறுத்தி அளக்கக் கூடாது, தரை மட்டமாக இருக்க வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் ஆர்.சி. வைத்திருக்கும் உறையிலேயே எழுதி வையுங்கள். ஓட்டுபவர் மட்டும் தனியாகவே அதிகம் போய்வரும் வண்டியில் வலது முன்பக்கம் இடதைவிடத் தாழ்ந்திருப்பது சகஜம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. தொய்ந்த பட்டையைத் தட்டி வளைவு எடுத்துக் கொடுப்பார்கள். திருச்சியில் பால்பண்ணை, அரியமங்கலம் பக்கம் லாரி பட்டறைக்காரர்களுக்கு இது கைவந்த வேலை. ஆனால் தட்டி எடுத்த வளைவு நாளாவட்டத்தில் மறுபடி தொய்யும். புதுப் பட்டை செட் கிடைத்தால் அதுவே நல்லது. கூடுதலாக ஒரு பிளேட் சேர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். காலி வண்டி கட்டை வண்டிபோல் குதிக்கும். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யு-போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிக் கொள்ளுங்கள்.

4. காயிலை வெட்ட விடாதீர்கள். "ரெண்டு சுத்து வெட்டிட்டா போதும் சார், அரை நாள் வேலை" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் மென்மையாகாது, விறைப்பாகும். அதேசமயம் ஷாக் உள்ளே போய்வர இருந்த இடமும் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கியதும் முட்டு ரப்பரில் போய் இடிக்கும், அந்த இடி நேராக பாடிக்கு ஏறும். சக்கரம் முழுக்கத் தொங்கும் நேரத்தில் குட்டையான ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நகரவும் வாய்ப்பு உண்டு. லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்வதால் சக்கரத்தின் நிற்கும் கோணமும் மாறிப்போகும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயக்கூட இடமுண்டு. இந்த வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், முன்னால் உட்காரும் இருவரும் கிட்டத்தட்ட முன் சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் மிதித்து மிதித்து இறங்கும்போது பாரம் முழுதும் முன்னால் சரியும். அந்த நேரத்தில் ஷாக்குக்கு அமுங்க இடம் இல்லாமல் போவதை நினைத்துப் பாருங்கள்.

5. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை அமுக்குவது வெட்டுவதைவிட மோசம். எஃகின் பதம் போய்விடும். சூடு காட்டிய ஸ்பிரிங் எப்போது தொய்யும், எப்போது ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

6. ஃபோக்ஸ்வாகன் வேனில் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். அதன் அமைப்பே வேறு. பழைய ஃபோக்ஸ்வாகன் வேனின் முன் அச்சில் குறுக்காக இரண்டு குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கின்றன. நடுவில் அவற்றைப் பிடித்திருக்கும் இடத்தைத் திருப்பி வைத்தால் ஸ்பிரிங்கை வெட்டாமலே உயரம் மாறும். அதற்கென்றே அட்ஜஸ்டரை வெல்டிங் செய்து பொருத்துவார்கள். சக்கரம் மாட்டும் ஸ்பிண்டிலையே உயர்த்தி அமைத்தும் இறக்குவார்கள். ஷாக்கும் காயிலும் ஒன்றாய்ச் சேர்ந்த நம் மாருதியின் ஸ்ட்ரட்டில் இந்த வழிகள் எதுவும் கிடையாது.

7. இறக்கினால் எங்கே தட்டும்? ஆம்னிக்கும் தரைக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர். இந்தியச் சாலைக் குழுவின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட திடீர் மேடுகளுக்கு எந்த அளவும் கிடையாது. வீட்டார் எல்லோரும் ஏறி, சாமானும் ஏறினால் இருக்கும் இடைவெளியிலும் கொஞ்சம் போய்விடும். மிச்சத்தை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

8. முன்பக்கத்தின் நலம் பார்க்க, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே உள்ள காவிரிப் பாலம் நல்ல சோதனைக் கூடம். 1976-ல் திறந்த இந்தப் பாலத்தை 2022 கடைசியில் மூடி, இணைப்புகளைப் பழுதுபார்த்து 2023-ல் திறந்தார்கள். கூட்டம் இல்லாத விடிகாலையில் ரேடியோவை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, சிந்தாமணியிலிருந்து மாம்பழச் சாலை வரை மெதுவாகப் போங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே ஒரு 'டப்' கேட்டால் டயர் சத்தம், கவலை வேண்டாம். 'டப்'புக்குப் பின்னால் 'கட கட' வந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தலைக்கு மேலிருந்து முனகுவதுபோல் கேட்டால் ஸ்ட்ரட்டின் மேல் ரப்பரும் பேரிங்கும். இணைப்பைத் தாண்டிய பிறகும் வண்டி ஊஞ்சல் ஆடினால் ஷாக் போய்விட்டது.

9. ஷாக் தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக. முன்பக்கம் அமைதியாக ஓடத் தொடங்கியதும் இறக்கும் ஆசை பலருக்கு வராமலே போய்விடுகிறது.

10. ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் நட்டை வீட்டில் கழற்றவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் அப்படியே பாய்ந்து வரும், கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் மட்டும் அந்த வேலை. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவதும் வேண்டாம்.

11. சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். டிஎன் 45, டிஎன் 48 பலகை மாட்டிய பழைய வேன்கள் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போய் நிற்க வேண்டும், அங்கே வண்டியைப் பார்ப்பார்கள். படுக்கைப் பலகையையும் சீட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டு எடுப்பதுபோல் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: 2021-ல் வந்த விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு தாண்டி, சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். முதல் மாருதி வேன்களுக்கு அந்த வயது 2034-க்குப் பிறகு வந்துவிடும்.

12. தண்ணீர் கேனையும் கேஸ் அடுப்பையும் கடைசிக் கதவை ஒட்டி வைக்காமல் முன் சீட்டின் முதுகுப்புறத்தை ஒட்டி வைத்துக் கயிறு கட்டுங்கள். பின்பக்கம் அமுங்குவது குறையும். காசு செலவில்லாமல் மூக்கை இறக்க இதைவிட வழியில்லை.

13. ஸ்பிரிங், ஷாக், புஷ் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். கூடவே முகப்பு விளக்கையும் சரிபாருங்கள். பின்பக்கம் தொய்ந்த வேனின் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். வழக்கமான சாமானை ஏற்றி, ஓட்டுபவர் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஐந்து மீட்டர் தள்ளி ஒரு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். விளக்கின் நடுமைய உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழேயே விழும்படி ஸ்குருவைத் திருப்புங்கள். காலி வண்டியில் வைத்த விளக்கு சாமான் ஏறியதும் மறுபடி மேலே போய்விடும்.