பதினான்காம் நாளில் கேட்க வேண்டிய கேள்வி

திருவதிகை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று வரும் நோயாளிக்கு, மூளையில் இருக்கும் கட்டி இன்னதென்று உறுதியாகத் தெரியாமலே மருந்தைத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். தொடங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மருந்தையே ஒரு பரிசோதனையாக நினைத்துக் கொடு. பரிசோதனை என்றால் நாள் குறித்திருக்க வேண்டும், எதை வைத்து அளப்பது என்று எழுதியிருக்க வேண்டும், பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பதும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் ஊகம். அதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளி.

முதல் சந்தேகம் டாக்ஸோபிளாஸ்மா மேல்தான் போக வேண்டும். பூனை மலம் கலந்த மண், நீர், சரியாக வேகாத கறி வழியாக உள்ளே போகும் இந்த ஒட்டுண்ணி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடக்கும். சிடி4 அணுக்கள் 100க்குக் கீழே இறங்கும்போது தலைதூக்கும். ஆகவே ரத்தத்தில் அதற்கெதிரான ஐ.ஜி.ஜி. இருப்பது, கிருமி என்றோ உள்ளே வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. இல்லையென்று வந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும், முழுதும் போகாது. முதுகுத் தண்டு நீரில் பி.சி.ஆர். செய்து கிருமி தெரிந்தால் நம்பு. தெரியாவிட்டால் நிம்மதி அடையாதே, நோய் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை அது தவறவிடுகிறது. கட்டி மூளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் முதுகில் ஊசி போடுவதே ஆபத்து. எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் அவசரப்படாமல் பார். மோதிரம் போல ஒளிரும் பல கட்டிகள் இருந்து, ஒன்றின் உட்சுவரை ஒட்டி ஒரு சிறு புள்ளியும் ஒளிர்ந்தால், டாக்ஸோவுக்கு அது வலுவான அடையாளம். ஆனால் அந்தப் புள்ளி எல்லாருக்கும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் கட்டி ஒன்றே ஒன்றுதான் என்றால் லிம்போமாவை மறக்காதே.

மேல்நாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடும். நம்மால் நிற்க முடியாது. இங்கே மோதிரக் கட்டி என்றால் காசநோய்க் கட்டியும் உண்டு, பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் உண்டு. வலிப்போடு வருபவர்களிடம் காணும் ஒற்றைக் கட்டியைப் பிரித்தறிய வேலூர் சி.எம்.சி.யில் ராஜசேகரும் சாண்டியும் ஒரு வரையறை தந்தார்கள். 20 மில்லிமீட்டரைத் தாண்டாத கட்டி, மூளையை இடம் பெயர்க்காத வீக்கம், கூடிக்கொண்டே போகும் நரம்புக் குறையோ தலைக்குள் அழுத்தமோ இல்லாத நோயாளி என்றால் நாடாப்புழு என்று கொள்ளலாம். மண்டையைத் திறப்பதையும் தேவையற்ற காசநோய் மருந்தையும் தவிர்க்க உதவிய அருமையான வேலை அது. ஆனால் சிடி4 நாற்பதில் இருப்பவரிடம் அதை அப்படியே பொருத்தாதே. கட்டியைச் சுற்றி உடம்பு காட்டும் எதிர்ப்பும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. எதிர்க்கும் படையே இல்லாத உடம்பில் அந்த அளவுகளை எப்படி நம்புவது? தலைக்குள் தேடுவதோடு நிற்காமல் நெஞ்சுப் படம், நிணநீர்க் கட்டி, வயிற்று ஸ்கேன், சளி, சிறுநீர் எல்லாவற்றிலும் காசநோயைத் தேடு. மூளையைத் தொடாமலே அதன் ரகசியம் சில வேளை அங்கே கிடைத்துவிடும்.

இனி அந்த நாள் கணக்கு. 1993இல் லஃப்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டாக்ஸோ மருந்துக்குக் குணம் காட்டியவர்களில் 86 சதவீதம் பேர் 7 நாளுக்குள் தேறத் தொடங்கியிருந்தார்கள்; 91 சதவீதம் பேருக்கு 14 நாளுக்குள் தொடக்கக் குறைகளில் பாதியாவது தேறியிருந்தது. கேட்க வேண்டிய நாள் பதினான்காம் நாள் என்பது இங்கிருந்து வந்தது. டாக்ஸோவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிமெத்தமின் கிடைக்கவில்லையே என்று காத்திருக்காதே. காட்ரைமாக்சசோல் அதற்கு ஈடாக நிற்கும் என்று 77 பேரை வைத்து இத்தாலியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் நாளே கைப்பிடி, பேச்சு, நடை மூன்றையும் தேதியோடு எழுதி வை. ஸ்டீராய்டை வீக்கம் உயிருக்கு உலை வைக்கும்போது மட்டும் கொடு. அது எந்தக் கட்டியின் வீக்கத்தையும் வடித்துவிடும், லிம்போமாவையே சுருக்கிவிடும். பிறகு கிடைத்த குணம் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பதினான்கு நாள் காத்திருப்பது மெத்தனம் ஆகாதா என்பாய். அதற்கு முன்பே நோயாளி சரிந்தால் நாளைப் பார்க்காதே, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடு. பயாப்ஸியை முதலிலேயே செய்தால் என்ன என்றால், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக் கூலியாளையோ உன் நெய்வேலிச் சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளியையோ அதற்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ கொண்டுபோகும் நாட்களில், மாத்திரைக்கு அடங்கும் நோய் ஆளைச் சாய்த்துவிடும்.

காசநோய் மருந்தையும் சேர்த்தே எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். உடம்பில் வேறெங்காவது காசநோய்ச் சான்று இருந்தால், அல்லது நோயாளி மோசமாகிக்கொண்டிருந்தால், தயங்காமல் இரண்டையும் கொடு. எல்லாருக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. மூளைக் காசநோய் மருந்து ஓராண்டு வரை ஓடும்; கல்லீரலைச் சோதிக்கும்; அதிலுள்ள ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் வீரியத்தைக் குறைப்பதால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். இத்தனை சுமையையும் ஏற்றிவிட்டு, எது பலித்தது என்றே தெரியாமல் நிற்போம். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன் சோதனையை மட்டும் ஒருவருக்கும் விடாதே. அது ஒட்டுண்ணி அல்ல, பூஞ்சை. ஆனால் அதனால் மூளைக் காய்ச்சல் வந்தவருக்கு எச்.ஐ.வி. மருந்தை முந்தித் தொடங்கினால் சாவு கூடுகிறது என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. டாக்ஸோவில் அந்த மருந்தை இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது.

1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு மையங்களில் அரசு இலவச மருந்து தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் இந்த நிலையில் வருபவர்களில் பலர் மருந்தைப் பாதியில் விட்டவர்கள். அவர்களை அதட்டாதே. தடுப்புக்காகக் கொடுத்த காட்ரைமாக்சசோலை எப்போது நிறுத்தினீர்கள் என்று தனியாக, குடும்பத்தார் காதில் விழாமல் கேள். அதைத் தவறாமல் விழுங்கி வந்தவருக்கு டாக்ஸோ வருவது அரிது. மாதக்கணக்கில் விட்டவர் என்றால் உன் சந்தேகம் உறுதிப்படும். காசு செலவில்லாத சோதனை இது, உண்மையைச் சொல்லும் அளவுக்கு அவர் உன்னை நம்பினால். பதினான்காம் நாளில் தேறவில்லை என்றால் ஜிப்மருக்கு எழுதும் சீட்டில் அந்தப் பதிலையும், முதல் நாள் கைப்பிடியையும், ஸ்டீராய்டு கொடுத்த தேதியையும் சேர்த்து எழுது. பயாப்ஸி செய்பவருக்கு முதலில் தேவைப்படுவது அவைதான்.

அன்புடன்,
பெரியப்பா