ஒரு நாளில் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது எப்படி?

இளைஞர் வகுப்புப் பாடம்: பயணத் திட்டமிடல்

பாடத்தின் நோக்கம்: கோலாலம்பூரிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரே நாளில் போய்வரும் பயணத்தை நேரம், செலவு, பாதுகாப்பு மூன்றையும் கணக்கிட்டுத் திட்டமிடக் கற்றுக்கொள்ளுதல்.



சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பன்னிரண்டு பேர், மூன்று கார்களில் குவாந்தான் போனோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே உற்சாகம். "சுங்கை லெம்பிங் சுரங்கத்தையும் பார்த்துடலாம்ணே", "செராத்திங் போகலன்னா எப்படி?", "தெலுக் செம்பெடாக்ல ராத்திரி சாப்பாடு." எல்லாவற்றுக்கும் நாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஓகே லா, பார்த்துக்கலாம்."

காலை 5 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது 8 மணிக்கு. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பார்க்க நினைத்த இடங்களில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. இரவு 8 மணிக்குத்தான் திரும்பினோம். எங்கள் காரை ஓட்டிய தம்பி அன்று காலையிலிருந்து தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தான். "நான் மாத்தி ஓட்டட்டுமா?" என்று கேட்டதற்கு, "பரவால்லண்ணே, தூக்கமே வரல" என்றான். தெமர்லோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சாலையோரக் கோட்டில் டயர் ஏறி 'கடகட'வென்று சத்தம் வந்த பிறகுதான் அவனுக்கு விழிப்பு வந்தது. பின்னால் இருந்த நாங்கள் மூவரும் தூங்கிக்கொண்டிருந்தோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நள்ளிரவில் அவனை வீட்டில் இறக்கிவிட்டபோது, அவன் அம்மா கேட்டின் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவராலும் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பயணத்தில் எங்களுக்கு ஆசை குறையவில்லை, கணக்குத்தான் குறைந்தது. அந்தக் கணக்கை இன்று படிப்போம்.

1. திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றுதான் திட்டத்தை ஆரம்பிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குள் வீடு வந்து சேர வேண்டும்?" என்பதுதான்.

கோலாலம்பூரிலிருந்து தெலுக் செம்பெடாக் கடற்கரை ஏறக்குறைய 260 கி.மீ. காராக் நெடுஞ்சாலையில் மலையேறி, பெந்தோங் தாண்டி, காராக்கிலிருந்து கிழக்குக்கரை நெடுஞ்சாலையைப் பிடித்தால் தெமர்லோ, கம்பாங் வழியாகக் குவாந்தான். கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கி.மீ. அதற்காக 260-ஐ 110-ஆல் வகுத்து, "ரெண்டரை மணி நேரம்கூட ஆகாது" என்று சொல்லாதீர்கள். மலைப்பாதையில் வளைவு உண்டு, லாரி உண்டு. டோல் சாவடி உண்டு. குவாந்தான் நகருக்குள் சமிக்ஞை விளக்குகள் உண்டு. சராசரி வேகம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு மட்டும் 3 மணி 15 நிமிடம். வழியில் அரை மணி நேர ஓய்வு. ஆக, ஒரு வழிக்கு 3 மணி 45 நிமிடம். போகவர 7 மணி 30 நிமிடம்.

இரவு 7.15-க்குள் கோம்பாக் டோலைக் கடக்க வேண்டும் என்று முடிவு செய்வோம். அப்படியானால் மலைப்பாதையின் பெரும்பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடலாம். 7.15-லிருந்து பின்னோக்கி எண்ணினால், கடற்கரையிலிருந்து பிற்பகல் 3.30-க்குப் புறப்பட வேண்டும். காலை 5-க்குக் கிளம்பினால் 8.45-க்குப் போய்ச் சேர்வோம். கடற்கரையில் நமக்குக் கிடைப்பது 6 மணி 45 நிமிடம்.

இதுதான் உங்கள் கையில் இருக்கும் முழுச் சொத்து. இதற்குள்தான் குளியல், சாப்பாடு, விளையாட்டு, ஓய்வு எல்லாம்.

2. ஓர் இடம் போதும்

செராத்திங் குவாந்தானுக்கு வடக்கே ஏறக்குறைய 45 கி.மீ. சுங்கை லெம்பிங் உள்பகுதியில் சுமார் 40 கி.மீ. வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் போவதற்கு முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி, கார் நிறுத்த இடம் தேடுவது, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று எண்ணுவது என்று சேர்த்தால் இரண்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். 6 மணி 45 நிமிடத்தில் இரண்டு மணி நேரத்தை இழக்க நம்மால் முடியுமா?

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கு நிறைவாக இருங்கள். மற்ற இடங்கள் எங்கும் ஓடிவிடாது. சுங்கை லெம்பிங் பழைய ஈயச் சுரங்க ஊர்; அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குவதே அதற்கு நாம் தரும் மரியாதை.

இன்னொன்று. "கடல்ல சூரியன் மறையறத படம் எடுக்கணும்" என்று யாராவது சொன்னால், சிரிக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து உதிக்கும்; மறைவது நமக்குப் பின்னால், நிலத்தின் பக்கம். மாலை வரை காத்திருந்தால் அந்தப் படமும் கிடைக்காது, பகலில் வீடு திரும்பும் வாய்ப்பும் போய்விடும்.

3. எந்த மாதம், எந்தக் கிழமை?

மலாக்கா நீரிணை ஒடுங்கியது. சுமத்ரா தீவு அதற்கு ஒரு சுவர் மாதிரி. அதனால் போர்ட்டிக்சனில் பெரும்பாலும் அலை சிறியது. கிழக்குக் கரை அப்படியில்லை. எதிரே பரந்து கிடப்பது தென்சீனக் கடல். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்த நீண்ட நீர்ப்பரப்பின் மேல் தடையின்றி வீசிக்கொண்டு வருகிறது. காற்று எவ்வளவு தூரம் நீரைத் தள்ளுகிறதோ, அலை அவ்வளவு பெரிதாகும். அந்த மாதங்களில் கடலில் இறங்கும் பயணத்தைப் போடாதீர்கள்.

சாலையும் அப்படித்தான். 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் பெருவெள்ளம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிழக்குக்கரை நெடுஞ்சாலையிலேயே பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். நெடுஞ்சாலை என்பதால் வெள்ளம் வழிவிடாது.

கிழமை என்றால் சனிக்கிழமை நல்லது. ஞாயிறு மாலை காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கோம்பாக் வரை கார்கள் ஊர்ந்து வரும். சனிக்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தையும் நீண்ட பொது விடுமுறையையும் தவிருங்கள்.

4. ஓட்டுநர்தான் பயணத்தின் உயிர்

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று விநாடி கண்ணயர்ந்தால் ஏறக்குறைய 90 மீட்டர். ஒரு காற்பந்துத் திடலின் நீளம் அளவுக்குக் காரை யாருமே ஓட்டவில்லை என்று பொருள். அன்றிரவு எங்கள் காருக்கு நடந்தது இதுதான்.

காலை 4 மணிக்கு எழுந்தவர் இரவு 7-க்கு ஓட்டிக்கொண்டிருந்தால், அவர் விழித்து 15 மணி நேரம் ஆகிறது. நடுவே கடலில் குளித்திருக்கிறார், வெயிலில் நின்றிருக்கிறார், வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். தூக்கம் வராமல் என்ன செய்யும்? அதிலும் பிற்பகல் 2-லிருந்து 4 வரை மனித உடம்பே சற்றுச் சோரும் நேரம்.

எனவே நான்கு விதிகள்:

• ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் போகும்போது, மற்றவர் திரும்பும்போது. இரண்டாமவர் காலையில் காரிலேயே தூங்கலாம். அது அவருடைய வேலை.
• முந்தின இரவு ஓட்டுநர்களுக்கு மாமாக் கடையும் இல்லை, காற்பந்து ஆட்டமும் இல்லை. 9.30-க்குப் படுக்கை.
• மதிய உணவுக்குப் பிறகு, திரும்ப ஓட்டுபவர் நிழலில் குறைந்தது 20 நிமிடம் கண்ணயர வேண்டும். அவரை யாரும் கேலி செய்யக் கூடாது.
• முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. ஓட்டுநர் கொட்டாவி விட்டால், "நிறுத்துங்க" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. வயதில் சிறியவராக இருந்தாலும் உண்டு.

5. கடலில் இறங்கும் முன்

சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். கொடி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது.

கரைக்கு வந்த அலைநீர் மீண்டும் கடலுக்குப் போக வேண்டும் அல்லவா? சில இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்கால் போல வேகமாகக் கடல் நோக்கி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாமல், பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். "இங்கதான் அலையே இல்ல, வாங்க" என்று நாம் ஏமாறும் இடமும் அதுதான். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நேராக நீந்திப் போராடாதீர்கள், களைத்துப் போவீர்கள். மிதங்கள், கையை உயர்த்துங்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே பாயாமல் மிதக்கும் பொருளை எறிந்து, உயிர்காப்பாளரை அழைத்து, 999-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

இருவர் இருவராக இறங்குங்கள். நீந்தத் தெரியாதவர் இடுப்பளவு நீரைத் தாண்டக் கூடாது. ஒருவர் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்; அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

6. மாதிரி அட்டவணை

காலை 5.00: புறப்பாடு. 5.10 வரைகூடக் காத்திருப்பு இல்லை.
6.30: தெமர்லோ ஓய்விடம், பசியாறல்.
7.00: மீண்டும் பயணம்.
8.45: தெலுக் செம்பெடாக்.
9.00 – 11.30: கடல், விளையாட்டு.
11.30 – 12.30: குளித்து உடை மாற்றுதல்.
12.30 – 1.30: மதிய உணவு.
1.30 – 3.00: ஓட்டுநர்களுக்கு ஓய்வு, மற்றவர்களுக்கு நிழலில் கலந்துரையாடல், கடலோர நடைபாதையில் நடை.
3.00 – 3.30: குப்பை பொறுக்குதல், தலை எண்ணுதல், புறப்பாடு.
5.15 – 5.45: தெமர்லோ, தேநீர், ஓட்டுநர் நிலை அறிதல்.
7.15: கோம்பாக்.

நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. அதனால்தான் கடலைக் காலையிலும் நிழலைப் பிற்பகலிலும் வைத்திருக்கிறோம்.

7. உணவும் செலவும்

புளிச்சோறு மதியம் வரை தாங்கும். தேங்காய்ப் பால் சேர்த்த நாசி லெமாக் சூடான காரில் தாங்காது. அதைக் காலைப் பசியாறலுக்கு மட்டும் வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர் யார் யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். தெலுக் செம்பெடாக் குரங்குகள் நெகிழிப் பையைக் கண்டால் விடாது. உணவைக் காருக்குள்ளேயே வையுங்கள்.

போகவர 520 கி.மீ. உங்கள் கார் 100 கி.மீ.-க்கு 7 லிட்டர் குடிக்கும் என்றால் 36 லிட்டருக்குச் சற்று மேல். அன்றைய விலையால் பெருக்கி, டோலைக் கூட்டி, காரில் உள்ளவர்களால் வகுங்கள். அந்தத் தொகையை இரண்டு வாரத்துக்கு முன்பே அறிவியுங்கள். ஏன் தெரியுமா? "அன்னிக்கு வேலை இருக்குண்ணே" என்று சொல்லி வராமல் இருப்பவர்களில் சிலருக்கு அன்று வேலை இருக்காது. கையில் காசுதான் இருக்காது. பொறுப்பாளர் அதைப் புரிந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் பொது நிதியிலிருந்து அவர் பங்கைக் கட்டிவிட வேண்டும்.

8. 'வேண்டாம்' என்று சொல்பவர் யார்?

வியாழக்கிழமை இரவு வானிலை அறிவிப்பைப் பார்த்து, போவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அவர் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். மாற்றாகப் போர்ட்டிக்சனை வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 90 கி.மீ., ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கும் வானம் கறுத்தால், பயணத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். தள்ளிவைத்த பயணத்தை மறுபடி போகலாம்.

அடுத்த ஆண்டு நாங்கள் இந்த அட்டவணையோடு மீண்டும் போனோம். ஓர் இடம்தான் பார்த்தோம். அந்தத் தம்பி திரும்பும் வழியில் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தான். எட்டு மணிக்கு அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது கேட்டருகே நாற்காலி இல்லை. அவன் அம்மா உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

கலந்துரையாடலுக்கு

1. கிள்ளானிலிருந்து புறப்படுபவர்களுக்கு மேற்கண்ட அட்டவணையில் எந்தெந்த நேரங்கள் மாறும்?
2. ஈப்போவிலிருந்து குவாந்தான், கோலாலம்பூர் வழியாக ஏறக்குறைய 450 கி.மீ. இதை ஒரே நாள் பயணமாக வைக்கலாமா? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.
3. ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் சுமார் 130 கி.மீ. அவர்களுக்கு எத்தனை மணி நேரம் கடற்கரையில் கிடைக்கும்?
4. சிங்கப்பூரிலிருந்து டெசாருவுக்குச் செல்பவர்களுக்குச் சாலையைவிடக் குடிநுழைவு வரிசையே பெரிய சிக்கல். அந்த நேரத்தை அட்டவணையில் எப்படிச் சேர்ப்பீர்கள்?
5. "தூக்கமே வரல" என்று சொல்லும் நண்பரிடமிருந்து, அவர் மனம் நோகாமல், கார்ச் சாவியை எப்படி வாங்குவீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.