அரிசியில் மிஞ்சும் காசைப் பருப்புக்கு மாற்றுங்கள்: நால்வர் குடும்பத்துக்கு ஒரு சிக்கனச் சமையல் வழிகாட்டி

மாதக் கடைசியில் கையிருப்பு குறையும்போது பல வீடுகளில் முதலில் குறைவது பருப்பு. சாம்பார் ரசமாகிறது. ரசம் புளித்தண்ணீராகிறது. கீரையும் முட்டையும் சம்பள நாளுக்குத் தள்ளிப்போகின்றன. சோறு மட்டும் குறைவதில்லை. வயிறு நிறைந்துவிடுவதால் குறை உடனே தெரிவதில்லை. ஆனால் வளரும் பிள்ளைக்கும், நாளெல்லாம் உழைக்கிறவர்களுக்கும் வேண்டிய சத்து அந்தத் தட்டில் இல்லை.

தமிழ்நாட்டில் இதை மாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரிசிக்குச் செலவாகாத அந்தக் காசைப் பருப்பு, பயறு, கீரை, முட்டை பக்கம் திருப்புங்கள். சிக்கனச் சமையலின் அடிப்படை இதுதான். பெரியவர்கள் 2 பேர், பிள்ளைகள் 2 பேர் என்று வைத்துக்கொண்டு வழியைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஆட்களுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கிடைப்பதை முழுதாக வாங்குங்கள்

4 பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி கிடைக்கும். அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை தரும் மாதங்களில் அதைக் கேட்டு வாங்குங்கள். 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தருகிறார்கள். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பில் மிஞ்சுவதுதான் பெரிய தொகை. எனவே எந்த மாதமும் பருப்பை விட்டுவிடாதீர்கள். சரக்கு வந்த நாளை விசாரித்து, மாதத் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது.

பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள். அரசுப் பள்ளியில் மதிய உணவோடு முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ இருந்தால் அங்கன்வாடியில் சத்துமாவு தருவார்கள்.

படி 2: மளிகைப் பட்டியலைப் பருப்பிலிருந்து தொடங்குங்கள்

பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் அரிசி வந்து நிற்கும். இந்த முறை பருப்பை முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு இந்த அளவு வைத்துக்கொள்ளலாம்:

- துவரம் பருப்பு 2 கிலோ (இதில் 1 கிலோ ரேஷன்)
- உளுந்து 1½ கிலோ
- பாசிப்பருப்பு 1 கிலோ
- பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து 1 கிலோ
- கொள்ளு ½ கிலோ
- நிலக்கடலை 1 கிலோ
- கேழ்வரகு 3 கிலோ, கோதுமை 3 கிலோ
- முட்டை 30 (இரண்டு தடவையாக வாங்குங்கள்)
- எண்ணெய் 2 முதல் 2½ லிட்டர்

பருப்பும் பயறும் மட்டும் 6 கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வரும். 25 கிராம் பருப்பில் இருக்கும் புரதம் ஏறக்குறைய ஒரு முட்டையில் இருப்பதற்குச் சமம். விலையில் துவரம் பருப்பைவிடப் பெரும்பாலும் கொள்ளும் தட்டைப்பயறும் மலிவு. புரதத்தில் அவை குறைந்தவையல்ல. சோயாவிலிருந்து வரும் மீல்மேக்கரும் கொடுக்கும் காசுக்கு அதிகப் புரதம் தருவது.

கேழ்வரகை விடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பது 120 மில்லிகிராம் அளவுதான். பால் வாங்க முடியாத நாட்களில் கேழ்வரகு கைகொடுக்கும்.

எண்ணெய் முழுவதையும் பாமாயிலாகவே வைத்துக்கொள்ளாமல், பாதிக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக்கும் ஓர் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அந்தக் கணக்கில் 4 பேருக்கு 1 கிலோ பொட்டலம் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் தீர்ந்தால் கையைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

மசாலாப் பொடிகளைச் சின்னப் பொட்டலமாக வாங்கினால் கிலோ விலை எங்கோ போய்விடும். மல்லியும் மிளகாயும் வாங்கி வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். புளி வரத்து அதிகமாகும் மாசி, பங்குனியில் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் வைக்கலாம்.

படி 3: காய்கறியை விலை பார்த்து முடிவு செய்யுங்கள்

இன்று என்ன குழம்பு என்று தீர்மானித்துவிட்டுச் சந்தைக்குப் போனால், அந்தக் காய் என்ன விலை சொன்னாலும் வாங்க வேண்டியதாகிறது. சந்தையில் எது மலிவோ அதைப் பார்த்த பிறகு குழம்பை முடிவு செய்யுங்கள். 1999 முதல் நடந்துவரும் உழவர் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பலகையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பையை எடுங்கள்.

தக்காளி விலை ஏறிய வாரத்தில் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வையுங்கள். வெங்காயம் ஏறினால் கூட்டுக்கும் பொரியலுக்கும் தேங்காயும் சீரகமும் போதும். பூசணி, சுரைக்காய், முள்ளங்கி, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு ஆகியவை ஆண்டில் பல மாதங்கள் கைக்கடக்கமாகக் கிடைப்பவை. வாரத்தில் 4 நாளாவது ஏதாவது ஒரு கீரை வேண்டும். முருங்கைமரம் உள்ள தெருவில் அதுவும் காசில்லாமல் கிடைக்கும்.

வாங்கியதில் எதையும் வீணாக்காதீர்கள். பீர்க்கங்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைக்கலாம். முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் கீரை போலவே பொரியலாகும். தண்டுக்கீரையின் தண்டு சாம்பாருக்குப் போகட்டும்.

பழம் என்றதும் ஆப்பிளைத் தேட வேண்டாம். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. வாழைப்பழம், பப்பாளி, நெல்லிக்காய் போதும்.

படி 4: ஒரு மாவு, மூன்று நாள்

ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். 4 ஆழாக்கு அரிசிக்கு 1 ஆழாக்கு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். அரிசியைத் தனியாகவும் உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்தும் 5 மணி நேரம் ஊறவைத்து, உளுந்தை முதலில் பொங்கப் பொங்க ஆட்டுங்கள். பிறகு அரிசியை ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள்.

முதல் நாள் இட்லி. அடுத்த நாள் தோசை. மூன்றாம் நாள் கேரட், வெங்காயம், முருங்கைக்கீரை தூவி ஊத்தப்பம், அல்லது குழிப்பணியாரம். தேங்காய் விலை கூடிய நாளில் பொட்டுக்கடலையோ வறுத்த நிலக்கடலையோ சேர்த்துச் சட்னி அரைத்தால் காசும் மிஞ்சும், புரதமும் கூடும்.

படி 5: இந்த மூன்று சமையலைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்

*அரிசியும் பருப்பும் சாதம்.* கொங்கு நாட்டு வீடுகளில் வேலை அதிகமான நாளின் சமையல் இது. 400 கிராம் அரிசி, 200 கிராம் துவரம் பருப்பு இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், 3 காய்ந்த மிளகாய், 8 பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். 2 தக்காளி வதங்கியதும் மஞ்சள்தூள், 1 தேக்கரண்டி சாம்பார் பொடி, உப்பு சேருங்கள். அரிசி பருப்பு அளந்த டம்ளராலேயே, ஒரு பங்குக்கு இரண்டே முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் ஊறிய அரிசி பருப்பையும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் போட்டு மூடி, 4 விசில் விடுங்கள். ஆளுக்கு 18 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருப்பதால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

*கொள்ளு ரசமும் துவையலும்.* 150 கிராம் கொள்ளை இரவே ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் தாராளமாக விட்டு 6 விசில் வேகவையுங்கள். வடித்த தண்ணீரில் புளி, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி சேர்த்து நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். வெந்த கொள்ளோடு 2 காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். ஒரு தடவை அடுப்பு எரிந்ததில் இரண்டு பதார்த்தம்.

*முருங்கைக்கீரை முட்டைப் பொரியல்.* 2 கைப்பிடி கீரையை வெங்காயத்தோடு வதக்கி, வெந்ததும் 3 முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். 3 முட்டை 4 பேருக்குப் போதுமானதாகிவிடும்.

படி 6: வாரத்துக்கு ஒரு வரைவு எழுதி ஒட்டுங்கள்

- திங்கள்: இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி | காய் போட்ட சாம்பார், கோஸ் பொரியல் | தோசை, மிஞ்சிய சாம்பார்
- செவ்வாய்: கேழ்வரகுக் கூழ், மோர் | பாசிப்பருப்புக் கீரைக் கடையல் | சப்பாத்தி, பச்சைப்பயறுக் குழம்பு
- புதன்: ஊத்தப்பம் | முட்டைக் குழம்பு, சுரைக்காய்ப் பொரியல் | அரிசியும் பருப்பும் சாதம்
- வியாழன்: வெண்பொங்கல் | கொள்ளு ரசம், துவையல், வாழைத்தண்டுப் பொரியல் | கேழ்வரகு அடை
- வெள்ளி: இட்லி, கடலைச் சட்னி | தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, கீரை | தோசை
- சனி: பழைய சோறு, சின்ன வெங்காயம், துவையல் | மோர்க்குழம்பு, முருங்கைக்கீரை முட்டைப் பொரியல் | சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குருமா
- ஞாயிறு: பருப்பு அடை | மத்தி மீன் குழம்பு, அல்லது மீல்மேக்கர் குழம்பு | ரசம், பருப்புத் துவையல்

மாலையில் பிள்ளைகள் கேட்கும்போது பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், அவித்த நிலக்கடலை, கடலை மிட்டாய் கொடுங்கள்.

படி 7: அடுப்பையும் சத்தையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்

பயறுகளை முந்தின இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். குக்கரின் அடியில் பருப்பு, மேல் தட்டில் சோறு, அதற்கும் மேலே காய் என்று அடுக்கினால் ஒரே தீயில் மூன்றும் வெந்துவிடும். விசில் வந்தபின் தீயைச் சிறிதாக்குங்கள். அரிசியை இரண்டு தடவைக்கு மேல் கழுவ வேண்டாம். பி வைட்டமின்கள் தண்ணீரோடு போய்விடும். காயை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள்.

கீரை, பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, மறுநாள் காலையே சாப்பிட்டுவிடுங்கள். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சுடவைக்க வேண்டும், அதுவும் ஒரு தடவைதான்.

படி 8: பங்கைச் சரியாகப் பிரியுங்கள்

நன்றாகத் திட்டமிட்டுச் சமைத்தும் சத்து போய்ச் சேராமல் போகும் ஓர் ஆள் பல வீடுகளில் உண்டு. அது சமைத்தவர். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சோறும் ரசமும் அவருக்கு வருகின்றன. முட்டையும் கூட்டும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், கடைசித் தட்டு நம் கையால் மாற்றக்கூடியது. பரிமாறத் தொடங்கும் முன்பே பருப்பு, கீரை, முட்டை மூன்றையும் 4 பங்காகப் பிரித்து வையுங்கள். முடிந்தால் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

இத்தனையையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரம் பட்டியலில் பருப்பை முதல் வரியாக்குங்கள். இரண்டாம் வாரம் 4 நாள் கீரை. மூன்றாம் வாரம் வரைவை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான்காம் வாரக் கடைசியில் மளிகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பிஸ்கட், பொட்டல மசாலா, கடை மாவு எனப் பிரிந்து போன காசு எவ்வளவு என்று தெரியும். அந்தத் தொகையை அடுத்த மாதம் முட்டைக்கும் பழத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள்.